ஒரு நாள் முந்தி வந்த வெளிச்சம்

சாத்தாங்கரையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த தவசிக்கனி, ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று தன் வெள்ளைக் காரின் ஹெட்லைட் பல்புகள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, அவற்றைவிட இரண்டு மடங்கு எரியும் நீலவெள்ளைப் பல்புகளை மாட்டினான்; மாட்டிய மூன்றாம் நாளிலிருந்து அந்தக் காரின் வெளிச்சம் காருக்கு ஒரு நாள் முந்தி வந்துபோக ஆரம்பித்தது.

பழைய பல்பு செத்துப்போய்விட்டது, ரோடே தெரியவில்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரிலே வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அலியாரிடம்தான் முதலில் போனான்.

“பாய், டவுன்ல நூறு வாட் பல்பு வந்திருக்காம். வாங்கிட்டு வாரேன், மாட்டி விடுங்க.”

“மாட்ட மாட்டேன்” என்றார் அலியார், கையிலிருந்த ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“ஏன் பாய்?”

“லைட்டுக்குள்ள இருக்க கண்ணாடிக் கிண்ணம், கம்பெனி போட்ட பல்புக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது தவசி. பல்புக்குள்ள இருக்க இழை அதோட எடத்துல இருந்தாத்தான் வெளிச்சம் ரோட்டுல விழும். ஒரு நூலு தள்ளி இருந்தாலும் மேல சிதறிப் போவும். பொறவு அந்த ஒயரு அந்தச் சூட்டுக்குப் போட்டது. நூறு வாட்டுக்கு அது தாங்காது.”

“ஊருல பாதிப் பேரு மாட்டிட்டுத்தான் அலையுதான்.”

“அலையட்டும். என் கையால நடக்காது.”

தவசி டவுனுக்குப் போனான். அங்கே ஒரு கடையில் பத்தே நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். அன்று பொழுது அடைந்த பிறகு அவன் ஊருக்குத் திரும்பியபோது, உப்பளத்து ரோடு சலவை வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி அவன் முன்னால் கிடந்தது. இருபுறத்துப் பனைகளும் உச்சி ஓலைவரை வெள்ளையாக எரிந்தன. தன் வாழ்நாளில் இப்படி ஒரு ரோட்டைப் பார்த்ததில்லை என்று தவசி நினைத்தான், நினைத்தது உண்மைதான்.

வெளிச்சம் மட்டும் தனியாக வந்ததை முதலில் பார்த்தவன் டீக்கடை சுயம்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, வடக்கேயிருந்து இரண்டு வெள்ளைக் குழாய் மாதிரி வெளிச்சம் ரோட்டில் வந்தது, சத்தம் இல்லை, பின்னால் வண்டியும் இல்லை, கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ராசையா வீட்டு வாசலில் நின்று, ராசையா வீட்டுக் கதவிலே ஆணி அடித்திருந்த லாடத்தை ஒரு தடவை மினுக்கிக் காட்டிவிட்டு அணைந்தது. சுயம்பு பால் பொங்குகிறதா என்று பார்க்கத் திரும்பிவிட்டான். மறுநாள் அதே ஐந்து மணிக்குத் தவசியின் கார் அதே வழியில் வந்து அதே வாசலில் நின்றது. ராசையாவின் மகன் பெட்டியோடு துபாயிலிருந்து இறங்கினான். “நேத்தே வந்துட்டே வெளிச்சம்” என்று சுயம்பு சொன்னான். “அப்பிடியா” என்றார் ராசையா. அவ்வளவுதான் பேச்சு.

பகல் சவாரிக்கு அது வராது, லைட் போட்டு ஓடும் சவாரிக்கு மட்டும் வரும், நாளைக்குக் கார் எந்த மணிக்கு எந்த வாசலுக்கு வரவேண்டுமோ இன்றைக்கு அந்த மணிக்கு அந்த வாசலில் வந்து நிற்கும் என்பதை ஊர் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் நாலு நாள் குரைத்த நாய்கள் ஐந்தாம் நாள் குரைப்பதை நிறுத்தின. கோவையில் மகளைக் கட்டிக் கொடுத்திருந்த ஞானவடிவு தன் வாசலில் வெளிச்சம் நின்றதைப் பார்த்ததும் மாவுக்கு அரிசி போட்டாள், மறுநாள் விடியலில் மகள் வந்து இறங்கியபோது இட்லி வெந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லாமல் வந்து நிற்கும் வழக்கம் அந்த வட்டாரத்தில் ஒழிந்தே போனது. வெளிச்சம் நின்ற வீட்டுக்காரர்கள் ஒரு நாள் அவகாசத்தில் சுவருக்கு வெள்ளையடித்து, நாற்காலி இரவல் வாங்கி, பெண்ணின் தலைக்கு எண்ணெய் வைத்து முடித்திருப்பார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்ய நினைத்தவர்கள் மட்டும் தவசியின் காரைக் கூப்பிடாமல் பக்கத்து ஊர் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள்.

பொன்னுலிங்கம் என்று ஒருவர் இருந்தார், அவருக்கு மச்சினன் குடும்பம் வந்தாலே ஆகாது. ஒருநாள் பொழுதடைகிற நேரம் அவர் வாசலில் வெளிச்சம் நின்றதும், மச்சினன்தான் வருகிறான் என்று முடிவுகட்டி, வீட்டைப் பூட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருச்செந்தூருக்குப் போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்த தவசியின் காருக்குப் பொன்னுலிங்கத்தின் வாசலுக்கு நேராக டயர் பஞ்சரானது. மச்சினன் அந்தக் காரிலேயே இல்லை. அதன்பின் யாரும் வெளிச்சத்துக்குக் கதவைப் பூட்டவில்லை. வெளிச்சம் வந்தால் கார் வரும், அதைத் தடுக்க ஆள் கிடையாது என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

தவசிக்கு ராசி பிறந்தது. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் விசேஷத்துக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அவன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு நடந்தான், பல்பின் கண்ணாடியைத் தினமும் காலையில் வேட்டி நுனியால் துடைத்தான்.

எதிரே வந்தவர்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸை டவுனிலிருந்து ஓட்டி வரும் குருசுமுத்து, புரட்டாசியில் ஒருநாள் பஸ்ஸை டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“ஏ தவசி, நேத்து பாலத்துக்கிட்ட உன் லைட்டு என் மூஞ்சில அடிச்சிச்சு பாரு, அதுக்குப் பொறவு எனக்கு ரோடே தெரியல. எண்ணி அஞ்சாறு செகண்டு. நாப்பது பேர வச்சிட்டு நான் குருடனாட்டும் ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு இருந்தேன்.”

“டிம் பண்ணிட்டுத்தான வந்தேன் அண்ணாச்சி.”

“டிம் பண்ணினாலும் கண்ணுலதான்ல அடிக்கி!”

கடையில் இருந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. “நல்ல வெளிச்சம் அண்ணாச்சி அது, ஊருக்கே உதவுது” என்றான் சுயம்பு. ஒரு சைக்கிள்காரர் வெளிச்சம் தாங்காமல் வாய்க்காலுக்குள் இறங்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டபோதும், பார்த்துப் போகவேண்டியது அவர் பாடு என்றுதான் ஊர் சொன்னது. குருசுமுத்து தன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

தவசியின் மனைவி தங்கபுஷ்பம் உப்பளத்தில் வேலை பார்த்தாள். அவளும் இன்னும் இருபத்தொரு பெண்களும் தினமும் விடிவதற்கு முன், பழைய உப்புப் பண்டகசாலை இருந்த வளைவில் ரோட்டோரமாக நின்று, தங்களை ஏற்றிப்போகும் லாரிக்குக் காத்திருப்பார்கள். உப்பு வாருகிறவர்களுக்கு வெள்ளை வெளிச்சத்தைப் பற்றித் தெரியும். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியை உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி ஏறும், அதற்குப் பிறகு பார்க்கிற எதிலும் ஒரு கறுப்புத் தழும்பு மிதக்கும் என்று தெரிந்துதான் அவர்கள் தலைத்துண்டைப் புருவம்வரை இழுத்துக் கட்டுவார்கள். தவசியின் கார் போகும்போதும் அந்தப் பெண்கள் துண்டை இழுத்துக்கொண்டார்கள், போன பிறகும் கொஞ்ச நேரம் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, காலடியில் ரோடு எது பள்ளம் எது என்று தெரியாமல் நின்றார்கள்.

“அது எங்களுக்கு ஆகலங்க” என்று தங்கபுஷ்பம் அவனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

“தள்ளி நில்லுங்க ஏட்டி” என்று அவன் இரண்டு தடவையும் சொன்னான்.

ஐப்பசி பிறந்து, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது, இருபத்திரண்டு பெண்களும் வளைவில் நின்றுகொண்டிருக்க, ஊர்ப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. பின்னால் கார் இல்லை. பெண்கள் பேச்சை நிறுத்தாமலே துண்டை இழுத்துக்கொண்டார்கள். ஆனால் வெளிச்சம் வளைவில் வளையவில்லை. அது ரோட்டை விட்டு நேராக இறங்கி, நின்றுகொண்டிருந்தவர்களின் ஊடே பாய்ந்து, வரப்பைத் தாண்டி, உப்புப் பாத்திக்குள் இருபதடி போய் இடப்பக்கமாகச் சரிந்தது. ஒரு லைட் தண்ணீருக்குள்ளிருந்து எரிந்தது, மற்றொன்று வானத்தைப் பார்த்து எரிந்தது. அது அணையவில்லை. பொழுது கிளம்பிச் சூரியன் முழுசாக மேலே வரும்வரை அப்படியே கிடந்தது.

காற்று அசையவில்லை, சூடு படவில்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆனால் வெளிச்சம் தங்கள் மேல் பாய்ந்த கணத்தில், எதிரே இருந்த உப்பு அம்பாரத்தின்மேல் தங்கள் நிழல்கள் இருபத்திரண்டும் பனை உயரத்துக்கு எழுந்து, சாய்ந்து, காணாமல்போனதை அவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நடுவிலே நின்ற நிழல் தன்னுடையது என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. லாரி வந்தது. அவள் ஏறவில்லை. தூறலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

தவசி தின்பதற்கு உட்கார்ந்திருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை தட்டிலேயே இருந்தது.

“நாளைக்கு அந்நேரத்துக்கு எங்க போறீங்க?”

“ஸ்டேஷனுக்கு. முதல் ரயிலுக்கு வக்கீல் வீட்டம்மா போறாங்க.”

“பஸ் எங்கன இருக்கும் அந்நேரத்துக்கு?”

அவன் யோசித்தான். யோசித்தபோது முகம் மாறியது. “அந்த வளைவுலதான். குருசுமுத்து அண்ணாச்சி எதுக்க வருவாரு.”

அந்த வெளிச்சம் கண்ணில் அடித்தால் பஸ் எந்தப் பக்கம் ஏறி வரும், கார் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்து முன்னால் கூடியது. காரை எடுக்கவே கூடாது என்றார்கள் சிலர். சக்கரத்தைக் கழற்றிப் பனைமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டலாம் என்றார்கள் சிலர். பொன்னுலிங்கம் எழுந்து நின்று, “நான் திருச்செந்தூர் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன் மக்கா, ஒண்ணும் நடக்கல” என்றார். எப்படிக் கட்டினாலும் கார் அங்கே வந்துவிடும், யார் ஓட்டி வருவார், எப்படி வரும் என்பதுதான் தெரியாது; அது தெரிந்த வழியைவிட மோசமாக இருக்கும். பல்பைக் கழற்றினால் சரியாகாதா என்று சுயம்பு கேட்டான்.

“பல்பு கழட்டத்தான் வேணும்” என்றார் அலியார். “அதுக்கு முன்ன, அத எல்லாரும் ஒருக்கா பாத்துருங்க.”

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. அவர் காரைப் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவருக்கு நேராக, இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தச் சொன்னார். ஹெட்லைட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கயிற்றால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். பிறகு லைட்டைப் போட்டு, டிம் பண்ணச் சொன்னார். வெள்ளை வெளிச்சம் கோட்டைப் பொருட்படுத்தவே இல்லை. சுவர் முழுக்கத் தெறித்து, ஓட்டுக்கூரையில் ஏறி, பின்னால் இருந்த வேப்பமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கைகளை எழுப்பியது.

“இந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கது ரோடு” என்றார் அலியார். “மேல இருக்கது பூரா எதுக்க வாரவன் கண்ணு.”

கூட்டம் அண்ணாந்து வேப்பமரத்து உச்சியைப் பார்த்தது.

“தவசி, நீ போயி சுவரு பக்கம் நில்லு. காரைப் பாத்து நில்லு.”

இரண்டு மாதத்துக்கு மேலாகத் தன் வெளிச்சத்துக்குப் பின்னால் மட்டுமே உட்கார்ந்திருந்த தவசி, முதல் தடவையாக அதன் முன்னால் போய் நின்றான். நின்றவுடன் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தான். கையை எடுக்கச் சொன்னார் அலியார். எடுத்தான். அப்போது தங்கபுஷ்பம் கூட்டத்திலிருந்து நடந்து வந்து, காருக்கும் அவனுக்கும் நடுவே, லைட்டுக்குச் சற்று ஓரமாக, அவன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள்.

“என்னத் தெரியுதா?” என்று கேட்டாள்.

“எங்க நிக்க?” என்றான் தவசி. “ஏட்டி, எங்க நிக்க நீ?”

அலியார் லைட்டை அணைத்தார். பானெட்டைத் திறந்து வெள்ளைப் பல்பைப் பிடுங்கினார். அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஹோல்டர் காபிக்கொட்டை நிறத்தில் வறுபட்டு, ஒயர் முனையில் உருகி ஒட்டியிருந்தது. அதையும் கைக்குக் கை கொடுத்து எல்லோரையும் பார்க்க வைத்தார். புது ஹோல்டர் மாட்டி, கம்பெனி அளவுக்குச் சாதாரணப் பல்பு இரண்டைப் போட்டு, திருகாணியைத் திருப்பித் திருப்பி உயரத்தைச் சரிசெய்து லைட்டைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம் சாக்பீஸ் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே, கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. கோட்டுக்கு மேலே சுவர் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்க்க முடிந்தது.

“இனி இது முந்தி வராதுன்னு நெனைக்கேன்” என்றார் அலியார். “ஆனா இன்னைக்கு வந்தது வந்ததுதான். அதுக்கு என் கைல மருந்து இல்ல.”

“நான் மட்டும் ஓட்டிட்டுப் போறேன்” என்றான் தவசி. “வளைவுல யாரும் நிக்காதிய. பஸ்ஸ பாலத்துலயே நிறுத்திருங்க. பாத்திக்குள்ள நான் மட்டும் விழுந்துக்கிடுதேன்.”

“விழுந்து?” என்றாள் தங்கபுஷ்பம்.

அவன் காரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நான் ஒண்ணு கேக்கேன்” என்று அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவள் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள், ஆனால் அன்று அவள் குரல் லாரி மேலிருந்து கூப்பிடும் குரலாக இருந்தது. “இன்னைக்கு வந்தது என்ன? வெளிச்சம். வெளிச்சம் வேகமாத்தான் வரும், அது அதோட சுபாவம். கார் அந்த எடத்துக்கு வரும்னு அது சொல்லிச்சு. எப்பிடி வரும்னு சொல்லிச்சா? கார் எப்பிடி வரணும்ங்கது நம்ம கையில கெடக்கு. எஞ்சினப் போட வேண்டாம். நாங்க இருபத்திரண்டு பேரும் தள்ளிட்டுப் போறோம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் கிலோ உப்பத் தள்ளுத கைதான இது.”

உப்பளத்துக்காரர் தன் பாத்தி கெட்டுப்போகும் என்று சத்தம் போட்டார். அவரைப் பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, வடக்கயிறு தன் குடோனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வக்கீல் வீட்டம்மா ரயிலை விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தவசி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், மஞ்சள் லைட்டை மட்டும் போட்டான். பின்னால் பதினோரு பெண்கள் கையை வைத்தார்கள், முன்னால் பதினோரு பெண்கள் வடக்கயிற்றைத் தோளில் போட்டார்கள், ஆண்களில் வந்தவர்கள் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே பிடித்தார்கள், பொன்னுலிங்கம் டிக்கியைப் பிடித்தார், அலியார் ஒரு டார்ச்சோடு பக்கத்திலே நடந்தார், சுயம்பு டீப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியில் வந்தான். தூறல் விட்டிருந்தது. ஒருத்தி, சப்பரம் தூக்குகிறவர்கள் போடும் குரலில் ஒரு ராகம் எடுத்தாள், மற்றவர்கள் அதற்கு ‘ஏலோ’ போட்டார்கள், கார் அந்த ராகத்துக்கு உருண்டது. மாடு நடக்கும் வேகம்கூட இல்லை, பிள்ளைத்தாய்ச்சி நடக்கும் வேகம்.

வளைவுக்கு அவர்கள் வந்தபோது ஐந்துக்குக் கால் மணி இருந்தது. எதிரே பஸ் வந்தது. யாரும் அதைப் பாலத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தப் போன பையன்கள் இரண்டு பேரும் கார் தள்ளுவதைப் பார்க்கத் திரும்பி வந்துவிட்டிருந்தார்கள். குருசுமுத்து தூரத்திலேயே கூட்டத்தைப் பார்த்து, லைட்டைத் தாழ்த்தி, வேகம் குறைத்து, பக்கத்தில் வந்து நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“என்னல நடக்கு இங்கன?”

“கார பாத்திக்குள்ள எறக்குதோம் அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம், மூச்சு வாங்கிக்கொண்டே.

“எதுக்கு?”

“எறங்க வேண்டிய நேரம் வந்துட்டு.”

அவர் தவசியைப் பார்த்தார், காரின் லைட்டைப் பார்த்தார். கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடிகிறது என்பது அவருக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பஸ்ஸுக்குள்ளே ராத்திரி டூட்டி முடிந்து திரும்பும் நர்ஸ் பெண்கள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி மடியில் கைக்குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். “சரி, சூதானமா எறக்குங்க” என்று சொல்லிவிட்டுக் குருசுமுத்து கியரைப் போட்டார். பஸ் வளைவில் வளைந்து ஊருக்குள் போனது. அதன் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு மறையும்வரை ஒருவரும் கயிற்றை இழுக்கவில்லை. ஞானவடிவு மட்டும் ரோட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு எழுந்து கயிற்றைப் பிடித்தாள்.

காரை ரோட்டிலிருந்து நேராக இறக்கினார்கள். வரப்பை மண்வெட்டியால் சரித்து வழி செய்திருந்தார்கள். இருபதடி அளந்து, இடப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கும்படி மெல்ல மெல்லச் சாய்த்து, ஒரு லைட் தண்ணீருக்குள்ளிருந்தும் மற்றொன்று வானத்தைப் பார்த்தும் எரியும்படி, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், நேத்து இப்பிடித்தான் கெடந்திச்சு” என்று இருபத்திரண்டு சாட்சிகளும் சொல்லும்வரை வைத்தார்கள். தண்ணீருக்குள் போன கண்ணாடி ‘டப்’பென்று விரிசல் விட்டது, ஆனால் பல்பு அணையவில்லை. அதன்பின் செய்ய ஒன்றுமில்லை, சூரியன் வரவேண்டும். பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் உப்புத்தண்ணீரில் நடந்து போய், முன்கதவைத் திறந்து தவசிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தக் காரின் முன் ஸீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கார் அவள் பக்கமாகச் சரிந்திருந்ததால் அவன் அவள் மேலே வழுக்கி வழுக்கி விழுந்தான், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டான். காலடியில் தண்ணீர் ஊறியது.

ஸ்டியரிங்கை விடாமலே அவன் சொன்னான்.

“பல்பு ஒண்ணும் சாவல புஷ்பம். பழைய பல்பு நல்லாத்தான் எரிஞ்சிச்சு. எனக்குத்தான் கண்ணு தெரியல. ரெண்டு வருஷமா தெரியல.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“போர்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது, எதுக்க ஆடு நிக்கா ஆளு நிக்கான்னு கிட்ட போனாத்தான் தெரியும். டிரைவருக்குக் கண்ணு தெரியலன்னா எவன் ஏறுவான்? அதான், வெளிச்சத்தக் கூட்டினா சரியாயிரும்னு நெனச்சேன்.”

“உங்களுக்குத் தெரியலன்னு ஊர்ல இருக்க கண்ணப் பூராத்தையும் அவிச்சிருக்கீங்க” என்றாள் அவள்.

“ஆமா” என்றான் தவசி. அவன் அழுவதை அவள் பார்க்கவில்லை, தோளில் உணர்ந்தாள். கார் சாய்ந்திருந்ததால் அவன் வேறு எங்கும் சாய வழி இல்லை.

சூரியன் கடலுக்கு மேலே விளிம்பு காட்டியது, பாதியானது, முழுசானது. வரப்பிலிருந்து இருபத்தொரு பெண்களும் ஒரே குரலில் “வந்துட்டு!” என்று கூவினார்கள். அலியார் தண்ணீரில் இறங்கி வந்து, ஜன்னல் வழியே கையை விட்டு லைட்டை அணைத்தார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து காரை மேலே இழுத்தார்கள். அன்றைக்கு உப்பு வார யாரும் போகவில்லை.

வெளிச்சம் அதற்குப் பிறகு முந்தி வரவே இல்லை. ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் மறுபடியும் சொல்லாமல் வந்து நின்றார்கள். ஞானவடிவின் மகள் வந்து இறங்கி அரை நாள் பழைய சோறு சாப்பிட்டாள். காரின் இடப்பக்கக் கதவுகளை உப்பு தின்றுவிட்டது, எஞ்சினைப் பிரித்துக் கோர்க்க அலியாருக்கு ஒரு மாதம் பிடித்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டை ஊர்க்காரர்கள் கறுப்புப் பெயின்டால் அழியாத கோடாக்கினார்கள், டிராக்டர்காரர்களும் லாரிக்காரர்களும் சாயங்காலம் வந்து அதன் முன்னால் நின்று லைட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டின வெளிச்சத்தோடு யாரும் அந்த ஊரைக் கடக்க ஊர்க்காரர்கள் விடவில்லை.

எஞ்சின் பிரித்துக் கிடந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமை, குருசுமுத்துவின் பஸ்ஸில் தவசியும் தங்கபுஷ்பமும் டவுனுக்குக் கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா அவன் மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் போட்டு எடுத்து, சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார். முதலில் பெரிய எழுத்தைப் படித்தான், பிறகு அதற்குக் கீழே, பிறகு அதற்கும் கீழே. கடைசி வரி வந்ததும் அவன் எழுத்தை விட்டுவிட்டு, கதவோரம் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியின் பக்கம் திரும்பினான். ரொம்ப நேரம் பார்த்தான். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“ஏட்டி” என்றான் தவசி, “உனக்குக் காதோரம் நரைச்சிருக்கே.”

“நரைச்சு மூணு வருஷமாச்சு” என்றாள் தங்கபுஷ்பம்.